ஜம்பரை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்

80 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதில் 34 ஜிபிகூட முழுசாகக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் கிடந்தது. கிடப்பது எனக்குத் தெரியும், பணம் கொடுத்தவருக்குத் தெரியாது.

அவர் எங்கள் ஊரில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் எல்லாம் அடிப்பார். டிசைன் செய்யும் கணினிகள் விண்டோஸில் ஓடின. ஃபைல்களைச் சேர்த்துவைக்க மட்டும் ஒரு பழைய பென்டியம்-2 பெட்டியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். “தம்பி போட்டது, வைரஸே வராது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கிக் கிடந்தேன்.

புது டிஸ்க்கை மாட்டியதும் பெட்டி எழவில்லை. பயாஸ் டிஸ்க்கைத் தேடும் வரியோடு திரை நின்றுவிட்டது. 1999-க்கு முந்தைய அவார்டு பயாஸ்கள் பலவற்றில் இருந்த கோளாறு இது. 65535 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 33.8 ஜிபி. அதற்கு மேல் கணக்குப் போடத் தெரியாமல் தொங்கிவிடும். இதற்காகவே டிஸ்க் தயாரித்தவர்கள் பின்பக்கம் ஒரு ஜம்பர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அரிசி மணி போலச் சின்ன பிளாஸ்டிக் தொப்பி. குறிப்பிட்ட இரண்டு முள்ளில் மாட்டினால் டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்லும்.

மாட்டினேன். பெட்டி எழுந்தது. கர்னல் கொட்டிய வரிகளுக்கு நடுவே 66055248 செக்டர், 33820 எம்பி என்று பளிச்சென்று இருந்தது.

“சரியாயிட்டா தம்பி?”

“ஆயிட்டு அண்ணாச்சி.”

வழி இல்லாமல் இல்லை. லினக்ஸ் எழுந்துவிட்டால் அப்புறம் பயாஸின் பேச்சைக் கேட்பதில்லை, டிஸ்க்கிடமே நேராக அளவைக் கேட்டுக்கொள்ளும். பழைய 4 ஜிபி டிஸ்க்கிலிருந்து பூட் செய்துகொண்டு, ஜம்பரைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க்கின் இடத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று பயாஸில் குறித்திருந்தால் முழு 80 ஜிபியும் கிடைத்திருக்கும். ஆண்ட்ரீஸ் பிரௌவர் எழுதிய ‘லார்ஜ் டிஸ்க் ஹவ்டூ’வில் இதெல்லாம் இருக்கிறது. ஜம்பர் போட்ட பல டிஸ்க்குகளில் மறைந்த இடத்தைத் திறந்துவிட, செட்மேக்ஸ் என்று ஒரு குட்டி நிரலும் அவர் எழுதியிருக்கிறார். சில வாரங்களிலேயே படித்துவிட்டேன். ஆனால் போய்ச் சரிசெய்தால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே! போகவில்லை.

இடம் சீக்கிரமே தீர்ந்தது. “80 ஜிபி இதுக்குள்ளயா ரொம்பிட்டு?” என்றார். ஸ்கேன் செய்த படங்கள் இடத்தை அடைக்கும் என்று கூசாமல் சொன்னேன். சொன்னது பொய்யில்லை என்பதுதான் அதில் மோசம். கடை அடைத்தபின் உட்கார்ந்து, பழைய வேலைகளைச் சிடியில் எழுதி, டிஸ்க்கிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். விலை குறைந்த சிடிகள். அஞ்சலி போஸ்டருக்காக ஸ்கேன் செய்த தன் கணவரின் படத்தைக் கேட்டு ஓர் அம்மா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வீட்டிலிருந்த படம் மழையில் போய்விட்டதாம். சிடி ட்ரைவுக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, படிக்கவில்லை. அண்ணாச்சிதான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பெட்டி ஜம்பரோடுதான் காயலான் கடைக்குப் போனது. அண்ணாச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாத பழைய யுஎஸ்பி பெட்டிகளில் 3 டிபி டிஸ்க்கைப் போட்டால், இப்போதும் சில 801 ஜிபி என்றுதான் காட்டும். யாருக்காவது மாட்டிக் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் அந்த எண்ணை அவருக்குக் காட்டுங்கள். பணத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.