ஆயிரம் அடிக் கப்பலின் வழித்தடம்

வயோமிங், மொன்டானா சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி ரயிலேறி விஸ்கான்சினின் சுப்பீரியர் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கே அதை ஏற்றிக்கொள்ளும் கப்பல்களில் ஒன்று ‘பால் ஆர். ட்ரெகர்த்தா’. 1981-இல் ஒஹையோ மாநிலத்தில் கட்டியது. நீளம் 1,013 அடி 6 அங்குலம், அகலம் 105 அடி. அமெரிக்கப் பேரேரிகளில் இதைவிட நீளமான கப்பல் ஓடவில்லை. ஒரே நடையில் 60,000 டன்னுக்கு மேல் சுமக்கும்.

துறைமுகத்தை விட்டு ஏரிக்குள் இறங்கும் வாசல் டுலூத் கால்வாய். அகலம் 300 அடிதான். குறுக்கே இருக்கும் தூக்குப்பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். கப்பல் சங்கு ஊதும். பாலமும் பதிலுக்கு ஊதும். இதைப் பார்க்கவே கால்வாயின் இரு கரையிலும் கூட்டம் சேர்கிறது. நிலக்கரிக் கப்பலை வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அந்த இரும்புச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகர்வதைக் கண்டதில்லை.

பிறகு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க சுப்பீரியர் ஏரி. அதன் கிழக்குக் கோடியில், ஒயிட்ஃபிஷ் விரிகுடாவை எட்டும் முன்பே, 1975 நவம்பர் 10 இரவுப் புயலில் ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு’ என்ற கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அடுத்தது சூ லாக். சுப்பீரியர் ஏரி ஹூரானைவிட சுமார் 21 அடி உயரத்தில் இருப்பதால், இரு முனையிலும் கதவுள்ள பெரிய தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, நீரை வடித்துக் கீழே இறக்குகிறார்கள். பம்பு கிடையாது; நீர் தன் போக்கில் இறங்குகிறது. ஆயிரம் அடிக் கப்பல் நுழையக்கூடியது ‘போ’ என்ற ஒரே லாக். அதன் அகலம் 110 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடிதான் இடைவெளி! கிழக்கே கடலுக்குப் போகும் வழியிலுள்ள வெலண்ட் கால்வாயிலோ 740 அடிக்கு மேல் நீண்ட கப்பலுக்கு வழியில்லை. அதனால் ட்ரெகர்த்தா கடலைப் பார்க்கவே முடியாது. பனிக்காலத்தில் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை லாக் மூடியிருக்கும். கப்பல் ஏதாவதொரு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்.

செயின்ட் மேரிஸ் ஆறு, ஹூரான் ஏரி கடந்தால் செயின்ட் கிளேர் ஆற்றங்கரை அனல்மின் நிலையங்கள். கரையில் கிரேன் தேவையில்லை. கப்பலின் அடிவயிற்றில் ஓடும் கன்வேயர் பெல்ட், நீண்ட கை வழியாகச் சரக்கைத் தானே கொட்டிவிடும். ஆனால் அந்தக் கரையின் பழைய நிலையம் 2022-இல் மூடப்பட்டது. பக்கத்திலுள்ள பெல் ரிவர் நிலையமும் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறத் திட்டமிட்டது. நிலக்கரி குறைந்தால், இனி இந்தக் கப்பல் தன் இன்னொரு சரக்கான இரும்புத் தாதுவைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கலாம்.