பில்லோடு வந்த பேனாக்கத்தி

தாத்தாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். நூல் அறுக்க, பென்சில் சீவ, வரும் வழியில் வாங்கிய கொய்யாவை நாலாக வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். 1996-ல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகும் கத்தி மட்டும் பையைவிட்டுப் போகவில்லை. வியாசர்பாடித் தெருக்களில் அதோடுதான் நடமாடினார். ‘இது எதுக்கு?’ என்று அவரை யாரும் கேட்டதில்லை.

பேரனுக்கு இப்போது 26 வயது. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. நாள் முழுக்க பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, அட்டைப்பெட்டி என்று எதையாவது அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கொடுக்கும் கட்டர் பிளேடு இரண்டு நாளில் மழுங்கிவிடும். சில சமயம் உடைந்து தெறிக்கும். அப்படித் தெறித்ததில் அவன் இடதுகை விரலில் மூன்று தையல்.

இந்த வருட போனஸில் ஐந்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்துவைத்தான். ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாது, கத்தியா? செல்போன் வாங்குடா, வண்டிக்கு டயர் மாத்துடா. கத்தி இன்னாத்துக்கு?”

“வேலைக்குமா.”

“வேலைக்குன்னு உனக்குத் தெரியும். ரோட்ல நிக்கவச்சு கேக்குறவனுக்குத் தெரியுமா?”

அவனிடம் பதில் இல்லை. ஆனாலும் இரவில் போனை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தான்.

தேடத் தேடத்தான் அது எவ்வளவு பெரிய உலகம் என்று தெரிந்தது. முதலில் பார்க்க வேண்டியது எஃகு. கார்பன் எஃகு சீக்கிரம் கூர்மையாகும், சாணை பிடிப்பதும் சுலபம். ஆனால், எண்ணூர் உப்புக்காற்றும் உள்ளங்கை வியர்வையும் பட்டால் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். எனவே, துருப்பிடிக்காத எஃகுதான் சரி. அதற்கும்கூட வாரம் ஒருமுறை துடைத்து, மடங்கும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும்.

அடுத்தது பூட்டு. சாதாரண பேனாக்கத்தியில் வில் மட்டும்தான் அலகைப் பிடித்திருக்கும். கனமான பட்டையில் அழுத்தும்போது அலகு திரும்பி மடங்கினால் போவது நம் விரல். ஏற்கெனவே மூன்று தையல் போட்டவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில், 1955-ல் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. அவ்வளவு எளிமையான பூட்டு. அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால், மரப்பிடி மழையில் ஊறினால் உப்பி, கத்தி திறக்கவே சிரமமாகும் என்று தெரிந்ததும் ஒதுக்கிவிட்டான்.

பிறகு, விரலால் தட்டினால் ‘டக்’கென்று திறக்கும் கறுப்பு நிறக் கத்திகள். பேன்ட் பாக்கெட்டின் வெளியே தெரிகிற மாதிரி கிளிப்போடு வருபவை. ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்க வசதியானவை. யார்டுக்கு அதுதான் பொருத்தம். ஆனால், டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்க அதைத் தட்டித் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இத்தனைக்கும் கால்பந்துக்குப் பேர்போன ஊர் வியாசர்பாடி. சினிமா மட்டும் வடசென்னைப் பையன் என்றால் கையில் கத்தியைக் கொடுத்துத்தான் அனுப்புகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத விதிகள் தங்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை அதில் வராது. அவன் பார்த்துவைத்த கத்தியின் அலகு நான்கு அங்குலம்கூட இல்லை. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தினார்கள். “எந்த ஏரியா?” என்ற கேள்விக்கு “வியாசர்பாடி” என்றான். பையைத் திறக்கச் சொன்னார்கள். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் யார்டு கட்டர். அடையாள அட்டையைக் காட்டி, சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அவர் தூக்கத்திலிருந்து எழுந்து பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் யார்டில் சொன்னபோது, அண்ணா நகரிலிருந்து வரும் நண்பன் ஆச்சரியப்பட்டான். “என் பையிலயும் அதேதான் கெடக்கு. ‘வேலைக்கா தம்பி?’னு கேட்டாங்க, விட்டுட்டாங்க.”

இரண்டு கட்டரும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை.

கத்தியே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால், விரல் அவனுடையது, வேலையும் அவனுடையது. கடைசியில் சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியில் வந்து நின்றான். பூட்டு உள்ள பெரிய மாடல். கிளிப் கிடையாது. கூடவே திருப்புளி, டப்பா திறப்பான் எல்லாம் உண்டு. பார்த்தவுடன் ‘சாமான்’ என்று தோன்றுமே தவிர, ‘ஆயுதம்’ என்று தோன்றாது. எஃகு, பூட்டு, விலை எல்லாவற்றையும்விட அவன் முடிவெடுத்தது அதை வைத்துத்தான்.

கத்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா அதைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார். அவன்தான் கதை சொன்னான். சுவிட்சர்லாந்தில் 1884-ல் கார்ல் எல்ஸனர் என்பவர் பட்டறை தொடங்கினார். 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1909-ல் அவருடைய அம்மா இறந்தார். பெயர் விக்டோரியா. அந்தப் பெயரையே கத்திக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ அதோடு சேர்ந்தது. அப்படித்தான் ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது.

“அம்மா பேரா வச்சிருக்கான்?”

“ஆமாம்மா.”

அம்மா உள்ளே போய் ஒரு கொய்யாவை எடுத்துவந்தார். நாலாக வெட்டினார். தாத்தாவும் அப்படித்தான் வெட்டுவார். முந்தானையில் அலகைத் துடைத்தார். மடக்கத் தெரியாமல் அவனிடமே நீட்டினார்.

இப்போது அந்தக் கத்தி யார்டு லாக்கரில் இருக்கிறது. தினமும் கூடவே இருக்கத்தான் வாங்கினான். ஷிஃப்ட் முடிந்ததும் துடைத்துப் பூட்டிவிட்டு வருகிறான். எப்போதாவது சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்தால் பையில் அது தனியாக இருக்காது. கடை பில், அடையாள அட்டையின் ஜெராக்ஸ் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அதோடு சேர்ந்தே இருக்கும்.

கவரை வாங்கிவந்தது அம்மா.