வலை பின்னாத சிலந்தி

சிலந்தி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் வலையே. திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேல் சருகு உதிராவண்ணம் வலைப்பந்தர் இட்ட சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட்சோழராய்ப் பிறந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. மேலைச்சிவபுரிக் கணேசர் செந்தமிழ்க் கல்லூரியில் பயின்ற நாளில் அப்பகுதியை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். சிலந்திக்குச் சிலம்பி என்னும் பெயர் உண்டென்பதும், சிலந்தி என்னும் சொல் புண்ணையும் கட்டியையும் குறிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், வலை பின்னாமல் வேட்டையாடி உண்ணும் சிலந்தி ஒன்று என் வயலிலேயே வாழ்ந்து வந்ததை நாற்பது வயது நெருங்கும்வரை நான் அறியேன். அதனை அறிந்துகொள்ள நான் கொடுத்த விலை, ஒரு பருவத்து நெல்.

பொன்னமராவதிக்கு அருகே எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் சிறிது நிலம் உண்டு. தந்தையார் இருந்தவரை அவரே பயிரைப் பார்த்து வந்தார். அவர் மறைந்தபின், பள்ளிப் பணியோடு அப்பொறுப்பும் என்னிடம் வந்தது. 1996ஆம் ஆண்டுச் சம்பாப் பயிர் கண்ணுக்கு நிறைவாக வளர்ந்திருந்தது. கார்த்திகையில் ஒருநாள், தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் சில ஒட்டியிருக்கக் கண்டேன். “புகையான் விழுந்துவிட்டது” என்றனர் உடன் இருந்தோர். அஞ்சிப்போய், கடையில் கொடுத்த மருந்தை வாங்கித் தெளித்தேன். இலக்கணத்தில் மங்கலம் என்றொரு வழக்கு உண்டு. இறந்தாரைத் துஞ்சினார் என்பது போன்றது. நஞ்சினை மருந்து என்று வழங்குவதும் அவ்வகையைச் சேர்ந்ததோ என இப்பொழுது தோன்றுகின்றது. பத்து நாள் கழித்து மறுமுறையும், பின்னர் மூன்றாம் முறையும் தெளித்தேன்.

பக்கத்து வயலுக்குரியவர் ஒரு மூதாட்டியார். ஊரார் அனைவரும் அவரை ஆத்தா என்றே அழைப்பர். ஒருநாள் அவர் என் வரப்பில் நின்று பயிரை உற்று நோக்கினார்.

“வாத்தியாரையா, உங்கள் வயலில் எட்டுக்கால் பூச்சி ஒன்றுகூட ஓடக் காணோமே!”

“பூச்சி ஒழிய வேண்டும் என்றுதானே ஆத்தா மருந்து அடித்தேன்?”

“பூச்சியைத் தின்கிறதும் சேர்ந்து போய்விட்டதே, ஐயா! இனி இந்த வயலுக்குக் காவல் யார்?”

நான் நகைத்தேன். தை பிறக்குமுன் அந்நகைப்பு அடங்கியது. பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீப்பட்டது போலக் கருகிச் சாய்ந்தது. இருபது மூட்டை விளையும் நிலத்தில் ஏழு மூட்டை கண்டேன். ஆத்தாவின் வயலோ பழுதின்றி விளைந்தது. மருந்து வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் அவர் வயல் பிழைத்தது.

நிகழ்ந்தது இதுதான். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே பொதிந்து வைக்கின்றது. தெளித்த நஞ்சு அவற்றை அணுகுவதில்லை. வெளியே ஓடித் திரியும் சிலந்திகளே முதலில் மடிகின்றன. பின்னர் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகள், தடுப்பார் எவருமின்றிப் பல்கிப் பெருகுகின்றன. இவ்வுண்மையை ஒரு நாட்டின் அரசே உணர நேர்ந்ததும் உண்டு. புகையானால் பெருங்கேடுற்ற இந்தோனேசியா, 1986ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது எனத் தடை செய்தது.

அறுவடை முடிந்தபின் ஆத்தா தம் வரப்பின் புல்லை விலக்கி அச்சிலந்தியை எனக்குக் காட்டினார். மண் நிறம், முதுகில் கவைக்கோல் போன்றதொரு கோடு. வைத்த கண் வாங்காமல் அசைவற்று இருந்தது. விரலை நீட்டியதும் மின்னலென மறைந்தது. இதனை ஓநாய்ச் சிலந்தி என்பர். லைக்கோசிடே என்னும் இதன் குடும்பப் பெயர், ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அப்பெயர் எனக்கு அவ்வளவாக உடன்பாடன்று. ஓநாய் கூட்டமாக வேட்டையாடுவது. இதுவோ தனித்தே திரிவது. பதுங்கிப் பாய்வதால் புலிச் சிலந்தி என்றிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். இக்குடும்பத்தில் 2,400க்கு மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் உள்ளன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய கிரேவ்லி என்னும் ஆங்கிலேயர், இந்திய நாட்டு ஓநாய்ச் சிலந்திகளை ஆராய்ந்து 1924ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். கடல் கடந்து வந்தவர் கண்டதை, வரப்பிலே பிறந்த நான் காணவில்லை!

இதற்குக் கண்கள் எட்டு. கீழ் வரிசையில் சிறிய கண்கள் நான்கு; அவற்றின்மேல் பெரிய கண்கள் இரண்டு; அவற்றுக்கும் பின்னே இன்னும் இரண்டு. பார்வையாலும், கால்மயிர் உணரும் அதிர்வாலும் இரையை அறிந்து, பாய்ந்து பற்றி நஞ்சூட்டும். பின்னர்ச் செரிமான நீரைச் செலுத்தி, இரையின் உடலைக் கரைத்துப் பருகும். நெல் வயலில் வாழும் இனம் நீரின் மேலும் ஓட வல்லது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள்வரை உண்ணும் என்பர். இரை அருகிய காலத்தில் தன் இனத்தையே தின்பதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனிதரை அது வலியச் சென்று கடிப்பதில்லை.

இத்துணைக் கொடிய வேட்டைக்காரியிடம் அமைந்துள்ள தாய்மை வியப்புக்குரியது. வலை பின்னாவிடினும் நூல் நூற்க அது அறியும். அந்நூலால் ஒரு சிறு பை செய்து, முட்டைகளை அதில் பொதிந்து, தன் உடலின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு செல்லும் இடமெல்லாம் சுமந்து திரியும். குஞ்சு பொரித்ததும் தாயே பையைக் கிழித்து வழி விடும். அறுபது எண்பது குஞ்சுகள் தாயின் கால்வழியே ஏறி, முதுகில் அடுக்கடுக்காக அமர்ந்துகொள்ளும். அச்சுமையோடுதான் அதன் ஓட்டமும் வேட்டையும்.

பிரான்சு நாட்டில் 1823ஆம் ஆண்டில் பிறந்த பாபர் என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பூச்சிகளின் வாழ்வை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் ஓர் ஓநாய்ச் சிலந்தியின் முட்டைப் பையைப் பறித்துவிட்டு, அதே அளவில் தக்கையால் ஓர் உருண்டை செய்து கொடுத்தார். அத்தாய் அதனைத் தன் பையென்றே தழுவி எடுத்துக்கொண்டது. ஒரு தாயின் குஞ்சுகளைத் தூரிகையால் மற்றொரு தாயின் அருகே தள்ளியபோது, அவை தயங்காமல் அவள் முதுகில் ஏறின, அவளும் தடுக்கவில்லை. இதனை அன்பென்பதா, அறியாமை என்பதா? ஆத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். “பிள்ளை வளர்க்கிற வேளையில் இரண்டும்தானே ஐயா இருக்கும்?” என்றார்.

அவ்வாண்டுக்குப்பின், பூச்சியைக் கண்ட மாத்திரத்தில் நான் தெளிப்பானைத் தேடுவதில்லை. முதலில் தூரைத் தட்டிப் பார்த்துச் சிலந்திகளை எண்ணுகின்றேன். அவை ஒதுங்குவதற்காக வயலில் அங்கங்கே வைக்கோல் கட்டுகளை இடுகின்றேன். வரப்பின் புல்லை முழுவதும் செதுக்குவதுமில்லை. சோம்பேறி என்று சிலர் கூறுவதுண்டு, கூறட்டும்.

சென்ற மார்கழியில் ஓரிரவு என் பேரனை வயலுக்கு அழைத்துச் சென்றேன். கைவிளக்கை நெற்றியருகே பிடித்து வரப்பை நோக்குமாறு கூறினேன். பூனைக்குப் போலவே இச்சிலந்திக்கும் கண்ணின் உள்ளே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. புல்லின் இடையே பச்சை மணிகள் போன்ற ஒளித்துளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றின. பனித்துளி என்றே அவன் முதலில் எண்ணினான். அவற்றுள் ஒன்று நகர்ந்தது.

“ஐயா, அதன் முதுகெல்லாம் மின்னுகிறது!”

குஞ்சுகளின் கண்கள் என்றேன். அவன் குனிந்து எண்ணத் தொடங்கினான். முப்பதை எட்டுமுன் தாய் தூருக்குள் இறங்கி மறைந்தது.