உடைந்த ஆசனமும் உரிய ஈடும்

முதுகுநோயுடைய எனக்காகப் பாரிசில் வாழும் தமையனார், தம் சேமிப்பைச் செலவிட்டு, நாடு திரும்ப வர்த்தக வகுப்பு விமானச் சீட்டு வாங்கித் தந்தார். படுக்கையாக விரியவேண்டிய ஆசனமோ பழுதுற்றுச் சாய மறுத்தது. மாற்றிடமும் இல்லை. இரவு முழுவதும் நிமிர்ந்தபடியே வந்தேன். முறையிட்டபோது விமானக் கம்பனி மன்னிப்புக் கேட்டு, அடுத்த பிரயாணத்துக்கெனச் சில புள்ளிகளை அளிக்க முன்வந்தது.

இது ஈடாகுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி, பிரயாணியைக் கீழ்வகுப்பில் அமர்த்தினால், 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இத்தகைய பயணத்தில் சீட்டு விலையின் 75 வீதத்தை ஏழு நாள்களுள் மீளக் கொடுக்கப் பணிக்கிறது. பழுதுற்ற ஆசனத்தைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. ஆயினும், வகுப்பின் பெயர் நிலைத்தாலும் அதன் முதற்பயன் போயிற்றன்றோ?

உணவும் உபசாரமும் குறைவின்றிக் கிடைத்தமையால், 75 வீதமும் கேட்பது மிகையே. இரு வகுப்புகளின் விலை வேற்றுமையில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதே நடுநிலை. அவ்வாறே கேட்டு எழுதியுள்ளேன். மீண்டும் பறக்க வசதியற்ற ஆசிரியனுக்குப் புள்ளிகளால் யாது பயன்? தமையனார் கொடுத்தது பணம். அவருக்கு மீளவேண்டியதும் பணமே.