தாடை டாக்டராகப் போகிறவளுடன் இரண்டு ஊர்கள்

"பெரியம்மா, சின்ன ரைஸ் குக்கரை மறக்காம எடுத்து வச்சுக்கோங்க!"

ஹூஸ்டனிலிருந்து டல்லாஸுக்குக் கிளம்பும்போது என் தங்கை மகள் நிவேதா போட்ட முதல் உத்தரவு இதுதான். அவளுக்கு டல்லாஸில் ஒரு வாரம் ஆஸ்பத்திரி வேலை. அடுத்த மாதம் பாஸ்டனில் இரண்டு வாரம். தங்கைக்கும் அவள் கணவருக்கும் லீவு கிடையாது. திருச்சியிலிருந்து போய் இறங்கி, சோபாவில் உட்கார்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நான், "நானும் கூட வரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டு வைத்தேன். அங்கேயே வளர்ந்த 25 வயதுப் பெண்ணுக்குத் துணை எதற்கு என்று நீங்கள் சிரிப்பீர்கள். துணைக்கு இல்லை, சமையலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நிவேதா பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்தவள். பல் பிடுங்குவதோடு நிற்காமல் வாய், தாடை, முகம் எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அமெரிக்காவில் அதற்கு முதலில் கல்லூரிப் பட்டம் 4 வருஷம், பல் மருத்துவம் 4 வருஷம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து பழகும் 'ரெசிடென்ஸி' 4 வருஷம். கூடவே எம்.டி. பட்டமும் வேண்டுமென்றால் 6 வருஷம்! விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டிவிடும். அவள் அம்மா எண்ணவே மறுத்துவிட்டாள்.

அவளுக்கு இந்த எண்ணம் வந்தது எங்கள் வீட்டில்தான். என் மாமனார் வெற்றிலையும் புகையிலையுமாகவே வாழ்ந்தவர். தாடையில் புற்றுநோய் வந்து, எலும்பில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அந்தக் கோடை விடுமுறைக்கு வந்திருந்த நிவேதாவுக்குப் பத்து வயது. டம்ளரில் கஞ்சியை வைத்துக்கொண்டு தாத்தா சிரமப்படுவதைத் தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாள். "தாத்தாவுக்குத் தாடையைத் திரும்ப வைக்க முடியாதா பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். காலிலிருந்து எலும்பை எடுத்து வைத்துத் தாடை செய்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சரி, இந்த ஊர் ஊராகப் போகிற வேலை என்ன? 'எக்ஸ்டர்ன்ஷிப்' என்கிறார்கள். ரெசிடென்ஸிக்கு மனுப் போடும் முன்பு, மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ போய், கூடவே நின்று பார்ப்பது. சம்பளம் கிடையாது. போகிற செலவு, தங்குகிற செலவு எல்லாம் நம்முடையது. கத்தியைக் கையில் தர மாட்டார்கள். உதட்டை விலக்கிப் பிடி, வழிவதை உறிஞ்சி எடு, கட்டுத்துணி கொண்டு வா, இவ்வளவுதான். நம் ஊர் பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். ஆனால் இங்கே பெண்ணும் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்! கடைசியில் மாணவர் தமக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஆஸ்பத்திரிகளும் மாணவர்களை அப்படியே வரிசைப்படுத்தும். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து இடம் சொல்லும். வந்த இடத்தை வேண்டாம் என்று தள்ள முடியாது. நாலோ ஆறோ வருஷம் அங்கேதான் வாசம். அதனால் முன்பே போய்ப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிவேதா இரண்டாம் ஆண்டிலேயே ஒரு நோட்டுப் போட்டு விட்டாள். பல ஆஸ்பத்திரிகளில் ஒரு சமயத்தில் ஓரிருவரைத்தான் சேர்ப்பார்கள். மாதங்களுக்கு முன்பே வாரங்கள் நிரம்பிவிடும். இதற்கு நடுவில் மருத்துவ அடிப்படைப் பாடங்களில் ஒரு பெரிய பரீட்சை வேறு. அதன் பெயர் சி.பி.எஸ்.இ. என்றதும், "இத்தனை வயசுக்கு மேலயா ஸ்கூல் பரீட்சை?" என்று கேட்டு மானம் போனதுதான் மிச்சம். அந்தப் பரீட்சையை பிப்ரவரியில் முடித்துவிட்டு, மார்ச்சில் முதல் ஆஸ்பத்திரி என்று திட்டம். அவள் மிகவும் ஆசைப்பட்ட இடம் அது.

அங்கேதான் இடித்தது. ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கத் தடுப்பூசி விவரம் எல்லாம் கொடுக்க வேண்டும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, மஞ்சள் காமாலை, சின்னம்மை, காசநோய் பரிசோதனை என்று நீண்ட பட்டியல். நிவேதா திருச்சியில் பிறந்து, நாலு வயதில் போனவள். அவளது குழந்தைப் பருவத்துத் தடுப்பூசி அட்டை எங்கே? என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில்! இரவு பதினொரு மணிக்கு போன் வந்தது. பீரோவைக் கவிழ்த்து எடுத்து, செல்போனில் படம் பிடித்து அனுப்பினேன். ஓரத்தைக் கரப்பான் கடித்திருந்தாலும் எழுத்து தெரிந்தது.

அது போதவில்லை. காசநோய்க்காகக் கையில் ஊசி போட்டுப் பார்த்ததில் தடித்துவிட்டது. பிறந்த உடனே நம் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. போடுகிறோம் அல்லவா, இடது தோளில் தழும்பு இருக்குமே, அது போட்டவர்களுக்கு நோய் இல்லாமலே சில சமயம் இப்படித் தடிக்கும். ரத்தத்தில் செய்யும் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது. ஆனால் அதைச் செய்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் கடிதம் வாங்குவதற்குள் நாள் ஓடிவிட்டது. அந்த ஆஸ்பத்திரி அவளுடைய வாரத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டது. "ஒரு தழும்புக்காக விட்டுட்டேன் பெரியம்மா" என்று போனில் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தத் தழும்பு விழுந்த அன்று அவளை மடியில் வைத்திருந்தவள் நான். (குழந்தையின் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாடு போகிற பிள்ளையின் பெட்டியில் முதலில் அதைப் போடுங்கள்.)

ஆனால் பெண் சும்மா இருக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் மறுபடி எழுதினாள். ஜூனில் டல்லாஸ் கிடைத்தது. ஜூலையில் யாரோ ஒரு மாணவர் விலகியதால் பாஸ்டன் கிடைத்தது.

டல்லாஸ் ஹூஸ்டனிலிருந்து காரில் நாலு மணி நேரம். வெயில் நம் திருச்சி வெயிலேதான். சமையலறை உள்ள ஓட்டல் அறை எடுத்தோம். காலை மூன்றரைக்கு எழுந்து குக்கரை வைப்பேன். அவள் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் நிற்பவள் வெறும் வயிற்றோடு போனால் தலை சுற்றாதா? இட்லி மிளகாய்ப் பொடி தடவிய ரொட்டி, ஒரு டப்பா தயிர் சாதம். கோட்டுப் பையில் கத்தரிக்கோல், பிளாஸ்திரி, கட்டுத்துணி. அலங்காரம் முடிந்தது.

பகலில் நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். 1963 நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட இடம் இங்கேதான். குண்டு வந்த கட்டடத்தின் ஆறாவது மாடி இப்போது மியூசியம். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பார்க்லண்ட் ஆஸ்பத்திரி இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. 2015-ல் திறந்தார்கள். அன்று அந்த அவசர அறைக்கு ஓடி வந்தவர்களில் ஒருவர் வாய் அறுவைச் சிகிச்சை ரெசிடென்ட் என்று நிவேதா சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. பல் டாக்டருக்கு அங்கே என்ன வேலை? "மூச்சுக்குழாய்க்கு வழி பண்றது, ரத்தக்குழாய் தேடறது எல்லாம் எங்க பயிற்சியிலயும் உண்டு பெரியம்மா" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மூன்றாம் நாள் இரவு அவளுக்கும் ராத்திரி டியூட்டி. மறுநாள் மதியம் வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். கார் விபத்தில் தாடை உடைந்த ஒரு பையனுக்கு, பற்களைக் கம்பியால் கட்டி வாயை மூடியிருக்கிறார்கள். சில வாரங்களுக்கு வாய் திறக்கக் கூடாது. உள்ளே போவதெல்லாம் நீராகாரம். வாந்தி வந்து மூச்சு அடைத்தால் வெட்ட, கம்பி வெட்டும் கத்தரி எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். "அந்தப் பையனோட அம்மா என்ன கொடுக்கலாம்னு கேட்டாங்க. டாக்டர் சொல்லிட்டுப் போனப்புறம், அரிசியைக் குழைய வேக வச்சு வடிகட்டிக் கொடுங்கன்னு நானும் சொன்னேன்" என்று கண்ணை மூடியபடியே சொன்னாள். தாத்தாவின் டம்ளர் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். நாங்கள் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

பாஸ்டன் வேறு உலகம். செங்கல் வீடுகள், குறுகலான தெருக்கள். மிளகு ஜாடி, உப்பு ஜாடி போலக் கோபுரங்கள் கொண்ட பாலத்தின்மேல் சார்லஸ் ஆற்றைக் கடக்கும் ரயில். அறை வாடகையோ மயக்கம் வரவழைத்தது. கடைசியில் தங்கையின் சிநேகிதி வீட்டு மாடியறையில் தங்கினோம்.

முதல் நாளே நிவேதா முகம் வாடி வந்தாள். முகத்து நரம்பின் கிளைகளை மூத்த டாக்டர் கேட்டிருக்கிறார். ஐந்தில் மூன்றோடு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். சாதத்தைப் பிசைந்துகொண்டே ஐந்தையும் என்னிடம் ஒப்பித்தாள். என்னிடம் ஒப்பித்து என்ன பிரயோஜனம்!

வெள்ளிக்கிழமை மதியமே விட்டுவிட்டார்கள். 'எனக்கு ஒரு இடம் பார்க்கணும்' என்று மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பழைய கட்டடத்தின் உச்சியில், கூரை வழியே வெளிச்சம் விழும் ஒரு வட்ட அரங்கு. செங்குத்தான படிவரிசை இருக்கைகள். மூலையில் ஒரு எகிப்து மம்மி! 1823-லிருந்து இந்த ஆஸ்பத்திரியோடு இருக்கிறதாம். 'ஈதர் டோம்' என்று பெயர். 1846 அக்டோபர் 16 அன்று, வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் புகையை முகரவைத்து ஒரு வாலிபரை மயக்க, தாடைக்குக் கீழிருந்த கட்டியை சர்ஜன் வாரன் அறுத்து எடுத்தார். அதற்கு முன்பெல்லாம் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பார்களாம். அம்மாடி!

அதற்கு முந்தின வருஷமே ஹாரஸ் வெல்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர் இதே ஊரில் சிரிப்பு வாயுவை வைத்துப் பல் பிடுங்கிக் காட்டினார். நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் கேலி செய்து துரத்திவிட்டார்கள். நிவேதா படியில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "மூணு நரம்பு சொன்னேனே, பரவாயில்லையே" என்று சிரித்தாள் பிறகு.

ஊர்ப் பூங்காவில் ஈதருக்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள், 1868-ல். மயக்க மருந்தைக் கண்டுபிடித்தது யார் என்று பல பேர் சண்டையிட்டதால், ஒருவர் பெயரையும் அதில் போடவில்லை!

இரண்டாவது வாரத்தில் ஒரு பெண் ரெசிடென்ட் அவளை டீக்கு அழைத்துப் போயிருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். ராத்திரி டியூட்டிகள், பால் கட்டிக்கொண்ட வலியோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்றது, ஊரிலிருந்து மாமியார் வந்து எட்டு மாதம் இருந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாராம். இந்த ஒரு டீக்காகவே பாஸ்டன் போனது தகும் என்று எனக்குத் தோன்றியது. இதெல்லாம் எந்த விண்ணப்பத் தாளில் எழுதியிருக்கும்?

அவள் நோட்டை ரயிலில் எட்டிப் பார்த்தேன். எந்த ஊரில் எத்தனை விபத்து கேஸ், புற்றுநோய் ஆபரேஷன் உண்டா, அன்னப்பிளவுக் குழந்தைகள் வருகிறார்களா, எம்.டி. உண்டா என்றெல்லாம் வரிசையாக இருந்தது. அடியில் தமிழில், கோணல் எழுத்தில், 'நர்ஸிடம் எப்படிப் பேசுகிறார்கள்?', 'கடைசி வருஷத்தவர் சிரிக்கிறாரா?' என்றும் இருந்தது.

செப்டம்பரில் மனுப் போட்டாள். நான் ஊருக்குக் கிளம்பும் நாளில், டல்லாஸா பாஸ்டனா, எது முதலில் என்று கேட்டேன். இன்டர்வியூ எல்லாம் முடியட்டும் என்றாள். தடுப்பூசி அட்டையை அவள் ஃபைலில் வைத்துவிட்டு, பெட்டியை மூடப்போனேன்.

"பெரியம்மா, குக்கரை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றாள்.