பட்டியலுக்குள் பட்டியல்

பணி ஓய்வுக்குப் பிறகு கற்ற எச்.டி.எம்.எல்.-இல் எனக்குப் பிடித்தது, எண்ணிட்ட பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் வைப்பதுதான். திருக்குறள் பொருளடக்கத்தையே பாருங்களேன். வெளியே ஒரு ‘ஓஎல்’. அதற்குள் முப்பாலுக்கு மூன்று ‘எல்ஐ’. ஒவ்வொரு பாலின் ‘எல்ஐ’யை மூடுவதற்கு முன்பே, அதன் அதிகாரங்களுக்கான உள் ‘ஓஎல்’லை எழுதிவிட வேண்டும். உள்பட்டியல் ஒவ்வொன்றும் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அதிகார எண் தொடர்ந்து வர, பொருட்பாலுக்கு ‘ஸ்டார்ட்’ 39, காமத்துப்பாலுக்கு 109 என்று கொடுக்க வேண்டும்.

எண்களைக் கையால் தட்டினாலும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் கண்பார்வை போய்விட்ட என் நண்பர், கணினி வாசித்துச் சொல்லக் கேட்டுத்தான் படிக்கிறார். முறைப்படி எழுதினால், பட்டியலுக்குள் பட்டியல் இருப்பதையும், அதில் எத்தனை வரிகள் என்பதையும் அது சொல்லிவிடும். அடுத்தவரைக் கேட்காமல் அவரே அதிகாரத்தைத் தேடிப் போகலாம். அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல்.