பசை என்னும் பெயர்

தமிழ் பயிலும் எம்மை உடற்கூற்று நூலிடம் இழுத்தது ஒரு பெயரே. மூளையில் நரம்பணுக்களுக்கிடையே நிறைந்து நிற்கும் பொருளுக்கு 1856-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ப் விர்ச்சோ ‘நியூரோகிளியா’ எனப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘கிளியா’ என்பது பசை. நரம்பணுக்களை ஒட்டி நிறுத்துதலே அதன் தொழில் என்று அவர் கருதினமையின், அஃது அன்று காரணப்பெயர்.

காரணமோ நிலைக்கவில்லை. 1919-இல் ஸ்பானிய அறிஞர் ரியோ ஒர்டேகா அக்கூட்டத்துள் மைக்ரோகிளியாவைப் பிரித்துக் காட்டினார். கிருமியையும் மடிந்த அணுவின் சிதைவையும் விழுங்கி மூளையைத் தூய்மை செய்வது அதுவே. விண்மீன் வடிவினதாகிய ஆஸ்ட்ரோசைட், நரம்பணுவைச் சூழ்ந்த நீரில் பொட்டாசியம் மிகாது காக்கும். ஆலிகோடெண்ட்ரோசைட்டின் செயலே எமக்குப் பெருவியப்பு. அது தன்னுடலையே தகடாக நீட்டி, நரம்பிழையின்மேற் பன்முறை சுற்றி, மையலின் உறையாகிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் புறத்தே ஷ்வான் அணு அப்பணியைச் செய்யும். உறையுடைய தடித்த இழையில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரையும் விரையும். உறையற்ற மெல்லிழையில் 2 மீட்டரளவே செல்லும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் அவ்வுறை சிதைய, கண் மங்கும்; கால் தளரும்.

வெறும் பசைக்கு இத்தனை தொழில் உண்டோ? ஆதலின் அப்பெயரை இனி இடுகுறியாகக் கொள்வதே முறை. தமிழிற் கலைச்சொல் ஆக்குவோரேனும் அதனைப் ‘பசையணு’ என மொழிபெயர்த்து அப்பிழையை ஈண்டும் நடாதிருப்பாராக. அகப்பாட்டில் தலைவியைப் பேணி வளர்க்கும் செவிலியை நினைந்து, ‘செவிலியணு’ என்னலாம் என்பது எம் கருத்து. செவிலி கிருமியை விழுங்குவதில்லையே எனின், அதற்கு எம்மிடம் விடையில்லை.